சமதளத்தில் எழுதியது

நம்பர் பிளேட் கிடையாது, எஃப்.சி. கிடையாது.
அரசாங்கக் கணக்கில் அது வண்டியே இல்லை,
தோட்டத்துக்குள் ஓடும் விளையாட்டுச் சாமான்.
அதனால் குமுளிக்குக் கீழே
நாலு சக்கர பைக்குக்கெல்லாம் ஆர்டிஓ நான்தான்.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பெட்ரோல் தனி.

குரியாகோஸின் ரிசார்ட்டில் மூன்று சீசன் ஓடியது.
தேனிலவு ஜோடிகளைச் சுமந்த சீட்டில்
புது ரெக்சின் வாசம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் என்றது மீட்டர்.
கால்மிதி ரப்பர் வேறு கணக்குச் சொன்னது.
"ஒரு கொழப்பமும் இல்லா சாரே,
நல்லோணம் நோக்கிக்கோ" என்று
டீ வாங்கப் போய்விட்டார்.

லோயர் கேம்ப்பில் மூடிக் கிடந்த மரக்கடை முற்றம்,
நல்ல சிமெண்ட் தரை.
என் தாளில் நாற்பத்திரண்டு கட்டம்,
நானே கோடு போட்டது,
கம்பத்தில் நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்தது.
இருபது வேகத்தில் போய்ப் பிரேக் பிடித்தேன்,
நின்றது.
டிக்.
பார்க்கிங் லாக் போட்டு இறங்கித் தள்ளினேன்,
நகரவில்லை.
டிக்.
சேசிஸில் ஓரிடத்தில் வெல்டிங் தழும்பு,
மேலே அவசரப் பெயிண்ட்.
பக்கத்தில் 'கவனிக்கவும்' என்று எழுதினேன்.
யார் கவனிப்பது என்று எழுதவில்லை.

மைமூன் பீவி தாளை இரண்டு முறை படித்தார்.
குத்தகைத் தோட்டம் மூன்று ஏக்கர்,
ஜீப் வாடகை கட்டுபடியாகவில்லை.
ஒன்றும் கேட்காமல் மடித்து
ஏலக்காய் எடை நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது
என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

பத்தொன்பதாம் நாள் போன் வந்தது.
வண்டன்மேட்டில் மழை இரைவது
அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது.
"ரெண்டு மூட்டை பச்சைக்காய்.
ஏத்தத்துல நிறுத்தி எறங்கிட்டேன்.
அது பாட்டுக்குப் பின்னால போகுது.
சில்வர் ஓக் மரம் பிடிச்சுச்சு.
ஒங்க தாளு பிடிக்கல."

திட்டவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

மறுநாள் போனேன்.
மரத்தில் ஒரு முழத்துக்குப் பட்டை போயிருந்தது.
டிரம்மைக் கழற்றினால்
மூன்று சீசன் சேறு மாவாய்க் கொட்டியது;
ஷூ தேய்ந்து
கண்ணாடிபோல வழவழத்தது.
முற்றத்தில் அந்த வண்டி பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவே.
இங்கே நிற்பாயா என்று கேட்டேன், நின்றது.
எங்கே ஓடப்போகிறாய் என்று
கேட்கிற கட்டம் தாளில் இல்லை.

புது ஷூ போட்டேன், கேபிள் மாற்றினேன்,
காசு வேண்டாம் என்றேன்.
அட்டைப்பூச்சி இரண்டு
காலுறைக்குள் என் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தன.
பழக்கதோஷத்தில் தாளை எடுத்தேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.
வேலைக்கு வந்திருந்த சுடலியும் அவருமாக
இரண்டு மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள்.
மரம் இல்லாத பக்கமாகப் பார்த்து
வண்டியை ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார்.
பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தார்.
"ஏறி உக்காருங்க.
எஞ்சின் வேண்டாம்."

உட்கார்ந்தேன்.
முதுகுக்குப் பின்னால் சரிவு,
சரிவுக்குப் பின்னால் ஓடைச் சத்தம்,
மிச்சத்தை மூடுபனி மறைத்திருந்தது.
இத்தனை வருஷத்தில்
எத்தனை கையெழுத்து, எத்தனை ஏற்றம் என்று
அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன்.

மைமூன் பீவி குனிந்து
கல்லின் மேல் கை வைத்தார்.
"எடுக்கவா?"

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது.
இரண்டு கையும் பிரேக்கில்.